இருபத்திரண்டு தலைப்பும் பென்சிலில் எழுதிய ஒரு வரியும்

மாசிக் கிருத்திகைக்கு மயிலம் மலையேறி முருகனைக் கும்பிட்டுவிட்டு, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கம்பெனியின் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பேசினார்.

"ஏழுமலை சார்தானே? திண்டிவனம் பிராஞ்ச்? நம்ம கம்பெனியோட சஸ்டெய்னபிலிட்டி முன்னுரிமைகளை இந்த வருஷம் மறுபடியும் அடையாளம் காணப்போறோம் சார். முதல் தடவை நடந்தப்ப கிராமத்துல ஜனங்கள கேட்டு ஃபார்ம் நிரப்பினது நீங்கதானாமே. அந்த அனுபவத்தை ரெண்டு பக்கம் எழுதித் தாங்களேன். நம்ம ஹவுஸ் மேகசின்ல போடறோம். கொஞ்சம் பாசிட்டிவா இருந்தா நல்லா இருக்கும்."

எனக்குப் பாசிட்டிவாக எழுத வராது. படித்தது எஸ்.எஸ்.எல்.சி. நடந்ததை நடந்தபடி எழுத மட்டும் தெரியும். இதை அவர்கள் போடமாட்டார்கள். போடாவிட்டாலும் எழுதிவைக்கிறேன். எழுத வேண்டிய இடத்தில் எழுதாமல் விட்டதால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

1993-ல் சேர்ந்தேன். கன்சல்டன்சி கம்பெனி என்றால் என் மாமனாருக்கே கடைசிவரை புரியவில்லை. "மாப்ள இன்னா பண்றாரு?" என்று யாராவது கேட்டால், "ஊர் ஊராப் போயி கேள்வி கேட்டுக்கினு இருக்கார்" என்பார். அதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை. யாராவது ஓர் இடத்தில் ஆலையோ சாலையோ குடோனோ கட்ட நினைத்தால், அந்த இடம் எப்படி இருக்கிறது, தண்ணீர் எங்கே ஓடுகிறது, ஜனங்கள் எதை வைத்துப் பிழைக்கிறார்கள் என்று பார்த்து அறிக்கை எழுதித் தருவது எங்கள் தொழில். எழுதுவது சென்னையில் இருக்கிற படித்தவர்கள். பார்த்துவருவது என்னைப் போன்றவர்கள். திண்டிவனம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓர் உரக்கடையின் மாடியில் கிளை அலுவலகம். பழைய காகிதக் கட்டுகளைப் போட்டுவைக்க விழுப்புரம் ரயிலடிப் பக்கம் ஓர் அறை.

எனக்குப் பயிற்சி ஒரே வாரம்தான். பயிற்சி கொடுத்தவர் சுந்தரேசன் சார். அப்போது கிளைக்கு இன்ஜினியர். பிற்பாடு சென்னைக்குப் போய் டைரக்டர் ஆனார். அவர் கத்தி நான் கேட்டதில்லை. சட்டையில் ஒரு சுருக்கம் பார்த்ததில்லை. நாம் பேசும்போது பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்பார். பேசி முடித்ததும், மூடியைத் திருகித் திருகி மூடி, பையில் செருகி, "நல்ல பாயிண்ட்" என்பார். சேர்ந்த புதிதில் அதைக் கேட்டு எனக்குப் புளகாங்கிதமாக இருக்கும். அவர் பேனாவை மூடிவிட்டால் அந்தப் பேச்சுக்கு அத்துடன் பால் ஊற்றியாயிற்று என்பது புரிய இரண்டு வருடம் ஆனது.

அவர் சொல்லிக்கொடுத்த முக்கியமான பாடம் ஒன்று. ஃபார்மில் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு நம்பர் உண்டு. ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு. கட்டத்துக்குள் நம்பரை எழுத வேண்டும். "நம்பர் இல்லாததை கம்ப்யூட்டர் சாப்பிடாது ஏழுமலை. ஓரத்துல கதை எழுதாதீங்க. அதை யாரும் ஏத்த மாட்டாங்க."

நான் சேர்ந்து நாலைந்து வருடம் கழித்து, மயிலத்துக்கு மேற்கே சித்தேரிப்பட்டு என்ற ஊருக்கு அனுப்பினார்கள். ஒரு தொழிற்பேட்டை வரலாம் என்று பேச்சு. சித்திரை மாதம், கத்திரி வெயில். மயிலம் கூட்ரோட்டில் வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொண்டு போனேன். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்து வாய்க்கால் ஒன்று தரிசின் நடுவே போனது. வேலிக்காத்தான் மண்டி, அடியில் வெடிப்பு. அது சர்க்கார் புறம்போக்கு அல்ல. பட்டா நிலங்களின் ஊடே தலைமுறை தலைமுறையாக ஓடுகிற வாய்க்கால். வரைபடத்தில் இருக்காது. வருடா வருடம் ஓடுகிறதே, அதுதான் அதற்குப் பத்திரம்.

ஃபார்மை எடுத்தேன். 'வாய்க்காலில் நீர் ஓடுகிறதா? ஆம் – 1, இல்லை – 2.'

தலையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைச் செடிக் கட்டோடு ஓர் அம்மா வரப்பில் வந்தாள். பெயர் தனபாக்கியம் என்பது பிறகுதான் தெரியும். நின்று பார்த்தாள்.

"இன்னா சாரு, வெயில்ல நின்னுக்கினு எழுதறீங்க?"

"இந்த வாய்க்கால்ல தண்ணி ஓடுதாம்மா?"

"சித்திரையில எந்த வாய்க்கால்ல சாரு தண்ணி ஓடும்? ஐப்பசியில வந்து பாரு. இந்தாண்டருந்து அந்தாண்ட போவ நீஞ்சணும். இதுல வர்ற தண்ணிதான் எங்க ஏரி. ஏரிதான் எங்க சோறு."

நான் கட்டத்துக்குள் 2 என்று எழுதினேன். ஓடவில்லைதானே? கண் முன்னால் காய்ந்துகிடந்ததே? கேள்விக்கு அது சரியான பதில்தான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. பேனாவைப் பையில் வைத்துவிட்டு, பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதினேன்: 'ஐப்பசியில் ஓடும், ஏரிக்கு இதுவே வரத்து என்கிறார்கள்.'

இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஓரத்தில் எழுதுவதை யாரும் ஏற்றமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அங்கே எழுதினேன். அந்த ஊருக்காக எழுதவில்லை. சைக்கிளில் ஏறி நிம்மதியாகத் திரும்புவதற்காக எழுதினேன். இந்தக் கட்டுரையில் நான் பலரைப் பற்றி இளப்பமாக எழுதப்போகிறேன். அந்த வரிசையில் முதல் ஆள் நான்.

சென்னையில் அந்த 2 என்ன ஆயிற்றென்றால், 'மேற்படி வாய்க்கால் பயன்பாட்டில் இல்லை' என்று ஒரு வாக்கியம் ஆயிற்று. தொழிற்பேட்டை வரவில்லை. அறிக்கை அலமாரிக்குப் போனது. நானும் மறந்தேன்.

இனி, பல வருடம் தாண்டி, அந்த சஸ்டெய்னபிலிட்டி வருடத்துக்கு வருகிறேன். சஸ்டெய்னபிலிட்டி என்றால் ஊரும் சுற்றுச்சூழலும் கெடாமல் தொழில் நடத்துவதாம். எனக்கு ஓய்வுபெற ஆறு மாதமே இருந்தது. மற்ற கம்பெனிகளுக்கு எது முக்கியம் என்று சொல்லியே பிழைத்த எங்கள் கம்பெனிக்கு, தனக்கு எது முக்கியம் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று திடீரென்று ஞானம் வந்தது. பெரிய வாடிக்கையாளர்கள் எல்லாம் 'உங்களிடம் சஸ்டெய்னபிலிட்டி அறிக்கை இருக்கிறதா' என்று கேட்க ஆரம்பித்ததுதான் அந்த ஞானம்.

அதை எப்படிச் செய்தார்கள் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். போன் செய்த பெண்ணுக்கு உபயோகப்படும்.

முதலில், வேறு கம்பெனிகள் போட்டிருந்த அறிக்கைகளைப் பரப்பிவைத்து, அவற்றிலிருந்து தலைப்புகளைப் பொறுக்கினார்கள். காகிதச் சேமிப்பு, மின்சாரச் சேமிப்பு, பயணக் குறைப்பு, நீர் மேலாண்மை, மின்னணுக் கழிவு, ஊழியர் நலம் என்று இருபத்திரண்டு. எது முக்கியம் என்று யாரையும் கேட்பதற்கு முன்பே, எதெல்லாம் முக்கியமாக இருக்கலாம் என்பது முடிவாகிவிட்டது. அடுத்து, கம்பெனியோடு சம்பந்தப்பட்டவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல்: ஊழியர்கள், வாடிக்கையாளர்கள், அதிகாரிகள், கடைசியில் 'சமுதாயம்'. சமுதாயம் என்றால் எங்களைப் போன்ற கிளைகளுக்குப் பக்கத்தில் இருக்கிற கிராமம். ஒவ்வொரு தலைப்புக்கும் அவர்கள் ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் போட வேண்டும். சராசரி எடுத்து ஒரு பெரிய படத்தில் புள்ளி வைப்பார்கள். வெளியாருக்கு முக்கியம் என்றால் புள்ளி மேலே ஏறும். கம்பெனிக்கு முக்கியம் என்றால் வலது பக்கம் போகும். வலது மேல் மூலையில் போய் உட்காருகிற புள்ளிகள்தான் முன்னுரிமை.

சமுதாயத்தைப் பிடித்துவர என்னை அனுப்பினார்கள். சித்தேரிப்பட்டைத் தேர்ந்தெடுத்தது நான் அல்ல. 'நாம் ஏற்கெனவே வேலை செய்த கிராமம்' என்று கம்ப்யூட்டர் காட்டியதாம்.

ஆடி மாதம். ரேஷன் கடை வேப்பமரத்தடியில் ஜனங்களை உட்காரவைத்து, ஃபார்மை வாசித்தேன்.

"கம்பெனி ஆபீஸ்ல காகிதத்த மிச்சப்படுத்தறது உங்களுக்கு எவ்ளோ முக்கியம்? ஒண்ணுலருந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்க."

முன்வரிசையில் இருந்தவர் பக்கத்து ஆளைப் பார்த்தார். "இன்னாடா கேக்கறாரு?"

"அவுங்க ஆபீசுல காகிதம் மிச்சமாவணுமாம். நம்மள கேக்கறாங்கோ."

"அவுங்க ஆபீசு எங்க கீது?"

"யாருக்குத் தெரியும்."

"அஞ்சு போட்டுக்க சாரு. வந்தவங்கள ஏமாத்தக் கூடாது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"வாடக சைக்கிள்ல வந்த சாருதான நீ?"

தனபாக்கியம். தலை பாதி நரைத்திருந்தது. முன்னால் வந்து என் முகத்தைக் குனிந்து பார்த்தாள்.

"அவரேதான். அன்னிக்கும் இப்பிடித்தான் தலையத் தூக்காம எழுதிக்கினு இருந்தாரு."

முந்தானையில் முடிந்துவைத்திருந்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். ஊரார் சர்க்காருக்குக் கொடுத்த மனுவுக்கு வந்த பதில். விஷயம் இது: தொழிற்பேட்டைக்குப் பார்த்த அதே இடத்தை ஒரு குடோன்காரர் வாங்கியிருந்தார். லாரி போக வழி வேண்டும் என்று அந்த வாய்க்காலைத் தூர்த்துச் சாலை போடப் போகிறார். ஊர் மனு கொடுத்தது. 'நிபுணர் அறிக்கையின்படி மேற்படி வாய்க்கால் பயன்பாட்டில் இல்லை. நிபுணர்கள் அறிக்கையைத் திருத்தினால் பரிசீலிக்கலாம்' என்று பதில் வந்திருந்தது. குடோன்காரருக்கு அறிக்கை கொடுத்ததும் எங்கள் கம்பெனிதான். புதிதாக யாரும் வந்து பார்க்கவில்லை. பழைய அறிக்கைக்குப் புது அட்டை போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஐப்பசி மழைக்குமுன் மண் கொட்டப்போவதாகப் பேச்சு.

"அந்த நிபுணரு யாரு சாரு? நீதானா?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"நீ எங்களுக்கு எது முக்கியம்னு கேட்டுக்கினு வந்துக்கற. நல்லது. எழுதிக்கோ. நீங்க தப்பா எழுதினத நீங்களே திருத்துங்க. இது ஒண்ணுதான் எங்களுக்கு முக்கியம். இதுக்கு எவ்ளோ மார்க்கு போடுவியோ போட்டுக்கோ."

நாற்பது ஃபார்மிலும் 'இதர கருத்துகள்' என்ற இடத்தில் அதையே எழுதினேன். இந்த முறை பேனாவால்.

மறுவாரம் சுந்தரேசன் சார் திண்டிவனம் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். பேனாவைத் திறந்துவைத்துக் கேட்டார்.

"ஒரு வரி லெட்டர் போதும் சார். நாம பார்த்த சீசன் தப்புன்னு. குடோன்காரர் ஒரு சின்னப் பாலம் கட்டிட்டா முடிஞ்சுது."

"அவங்க நம்ம கிளையண்ட், ஏழுமலை. நாம கொடுத்த ரிப்போர்ட்ட நாமே தப்புன்னா, மத்த ரிப்போர்ட்டெல்லாம் என்ன ஆகும்னு கேள்வி வருமில்ல?"

"அந்தக் கேள்விதான் சார் நமக்கு முன்னுரிமை. நாம எழுதறது சரியா இருக்கணும். இருபத்திமூணாவது தலைப்பா சேர்த்துடுங்க."

மூடியைத் திருகினார். "நல்ல பாயிண்ட். ஆனா அது 'தரம்'ங்கற தலைப்புல கவர் ஆயிடுது."

தரம் என்ற தலைப்பு எங்கே உட்கார்ந்தது என்று சொல்கிறேன். ஆவணி மாதம் விழுப்புரத்தில் ஒரு ஓட்டல் ஹாலில் கூட்டம். சுவரில் அந்தப் பெரிய படம். 'இதர கருத்துகள்' எதற்கும் நம்பர் இல்லாததால் ஒன்றுகூட ஏற்றப்படவில்லை. தரத்துக்கு எல்லோரும் குறைந்த மதிப்பெண் போட்டிருந்தார்கள். ஊழியர்கள், நம் தரத்தில் என்ன குறை என்று போட்டார்கள். கிராமத்தார், தரம் என்றால் சட்டைத் துணியா என்று கேட்டுப் போட்டார்கள். அது இடது கீழ் மூலையில் ஈ உட்கார்ந்ததுபோல் இருந்தது.

சமுதாயத்தின் பிரதிநிதியாகத் தனபாக்கியத்தைக் காரில் அழைத்துவந்திருந்தார்கள். ஆளுக்கு ஐந்து பச்சைப் பொட்டு கொடுத்து, முக்கியமான தலைப்பின் மேல் ஒட்டச் சொன்னார்கள். அவள் பொட்டுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"சாரு, எனக்குப் படிக்கத் தெரியாது. நம்ம வாய்க்கா இதுல எங்க கீது?"

என்ன சொல்வேன்? "நீர் மேலாண்மைன்னு ஒண்ணு இருக்குதும்மா. தண்ணி சம்பந்தமா அது ஒண்ணுதான்."

"அதுவா? சரி." ஐந்து பொட்டையும் அதன் மேலேயே ஒட்டினாள். விரலால் அழுத்தி அழுத்தி, விழுந்துவிடக் கூடாதென்று ஒட்டினாள். கேமராக்காரர் ஓடிவந்தார். "அம்மா, இன்னொருவாட்டி ஒட்ற மாதிரி பாருங்க. சிரிங்க." அவள் சிரித்தாள். வாய்க்கால் பிழைத்தது என்று நினைத்துச் சிரித்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு டைரக்டர்கள் மட்டும் இருந்து சரிபார்த்தார்கள். காபி டம்ளர்களை எடுக்க ஆள் வராததால் நான் எடுத்துக்கொண்டிருந்தேன். அதனால் பார்த்தேன். 'பயணக் குறைப்பு' என்ற புள்ளி நடுவில் இருந்தது. சுந்தரேசன் சார் எழுந்துபோய், ஒரு விரலால் அதை உரித்து வலது மேல் மூலையில் ஒட்டினார். "பெட்ரோல் புகை. இது எல்லாருக்கும் முக்கியமாத்தான் இருக்கும்." மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். இரண்டு மாதம் ஊர் ஊராகப் போய் வாங்கிய ஃபார்மெல்லாம் அந்த விரலுக்குக் காணாது.

பயணக் குறைப்பு என்றால் என்னவென்று அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது. புகையைக் குறைப்பதற்காக இனிமேல் கிராமங்களுக்கு ஆள் போக வேண்டாம். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். சித்திரையில் ஒரு தடவையாவது நாங்கள் போனோம். இனி அதுவும் கிடையாது. போய்ப் பார்த்தது போதவில்லை என்று ஒரு ஊர் முறையிட்டது. அதற்கு, இனிப் போகவே வேண்டாம் என்று தீர்ப்பு. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அலுவலகத்தில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நீர் மேலாண்மையும் முன்னுரிமையில் வந்தது. தனபாக்கியம் அழுத்தின அழுத்து வீணாகவில்லை. சென்னை அலுவலகக் கழிவறையில், கையை நீட்டினால் மட்டும் தண்ணீர் விடுகிற குழாய் வைத்தார்கள்.

மூன்றாவது காகிதச் சேமிப்பு. முதல் காரியமாக விழுப்புரம் அறையில் கிடக்கிற பழைய ஃபார்ம் கட்டுகளை எல்லாம் மறுசுழற்சிக்கு அனுப்பப்போகிறார்கள். புரட்டாசியில் வேன் வரும், போட்டோ எடுப்பார்கள். அந்தக் கட்டுகளுக்குள் எங்கேயோ சித்தேரிப்பட்டு ஃபார்ம் இருந்தது. அந்த ஊரின் வாய்க்கால் ஓடும் என்பதற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே எழுத்து, என் பென்சில் வரி.

வேன் வருகிற அன்று காலை ஏழு மணிக்கெல்லாம் விழுப்புரம் போய்விட்டேன். சாவி என்னிடம்தான். கரையான் பிடித்த கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். சட்டையெல்லாம் மண். பத்து மணிக்கு வேன் வந்து ஹாரன் அடித்தது. பாதிக் கட்டுகூடப் பார்த்திருக்கவில்லை. "இன்னும் எவ்ளோ நேரம் சார், ஜல்தி" என்று டிரைவர் கத்துகிறார். நான் ஏற்றிய கட்டுகளையே இறக்கிப் பார்க்கிறேன்.

"இன்னா சார் பேஜாரு பண்றீங்க? ஏத்தறீங்களா, எறக்கறீங்களா?"

"ஏத்தத்தான்யா போறேன். கொஞ்சம் இரு."

முருகா, உன் மலைக்குக் கீழே இருக்கிற ஏரி இது, நீயே எடுத்துக் கொடு என்று வாய்விட்டே சொன்னேன். அடுத்த கட்டில் இருந்தது என்று எழுத ஆசைதான். இல்லை. அதற்கப்புறம் ஒன்பதாவது கட்டில் இருந்தது. கீழ் மூலையைக் கரையான் தின்றிருந்தது. 2 இருந்தது. ஓரத்தில் பென்சில் எழுத்து, மங்கி, ஆனால் படிக்கிற மாதிரி இருந்தது. என் கையெழுத்து இருந்தது.

அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். கம்பெனி சொத்து. திருட்டுத்தான். இத்தனை வருடத்தில் ஒரு குண்டூசி வீட்டுக்குக் கொண்டுபோனவன் இல்லை நான். பூஜை மாடத்தில் வேல் படத்துக்குப் பின்னால் வைத்தபோது என் வீட்டம்மா பார்த்துவிட்டாள்.

"இன்னாங்க அது, கரையான் அரிச்சது? சாமிகிட்ட போயி வெக்கறீங்க?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"ரிடையர் ஆவ மூணு மாசம் இருக்குது. இப்ப இது வேணுமா?" என்றாள். பிறகு அவளே, "அந்தம்மா சோத்துல நாம மண்ணு போட்டுட்டு நாம மட்டும் சாமி கும்பிட்டா ஆச்சா?" என்றாள்.

சுந்தரேசன் சாரிடம் கடைசியாக ஒருமுறை போனில் சொன்னேன். ஃபார்ம் கையில் இருப்பதைச் சொல்லவில்லை. "ஐப்பசிக்கு மூணு வாரம்தான் சார் இருக்குது" என்றேன். போனில் பேனா தெரியாது. ஆனால் மூடி திருகுகிற நேரம் மௌனம் இருந்தது. "நல்ல பாயிண்ட், ஏழுமலை. கூட்டத்துல எடுக்கலாம்."

மறுநாள் லீவு போட்டுவிட்டு, மனுவுக்குப் பதில் எழுதிய அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். தமிழில் ஒரு வாக்குமூலம் எழுதிக்கொண்டு போனேன். 'மேற்படி அறிக்கைக்காக அந்த வாய்க்காலை நேரில் பார்த்தவன் நான் ஒருவன்தான். சித்திரையில் பார்த்தேன். ஐப்பசியில் ஓடும் என்று ஊரார் சொன்னதை ஃபார்மின் ஓரத்தில் எழுதினேன். அது அறிக்கையில் வரவில்லை. வராது என்று தெரிந்தே எழுதினேன். பயன்பாட்டில் இல்லை என்பது தவறு. அந்தத் தவற்றில் என் பங்கு உண்டு.' ஃபார்மையும் வைத்தேன்.

அவர் பென்சில் எழுத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நீங்க நிபுணரா?"

"இல்லீங்க. நிபுணர்களுக்குப் பார்த்துச் சொல்றவன்."

"வேலைக்கு ஆபத்து வருமே?"

"வரும்ங்க."

"ஐப்பசியில நானே வந்து பாக்கறேன். அதுவரைக்கும் மண்ணு கொட்டக் கூடாதுன்னு எழுதறேன்." அவ்வளவுதான். ஒரு மனிதர், பார்க்கிற காலத்தில் பார்க்கிறேன் என்று சொன்னார். அதற்கு இருபத்திரண்டு தலைப்பும் பச்சைப் பொட்டும் அவருக்குத் தேவைப்படவில்லை.

ஐப்பசியில் நல்ல மழை. அவர் ஜீப்பில் வந்து, வரப்பில் நின்று, அதற்குமேல் ஓர் அடி வைக்க முடியாமல் திரும்பினார். குடோன்காரர் பாலம் கட்டித்தான் சாலை போட்டார். சின்னப் பாலம்தான், முதலில் நான் சொன்ன அளவுதான். ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்த அன்று தனபாக்கியம் ஆள் விட்டனுப்பினாள். போகத் தைரியம் வரவில்லை.

சுந்தரேசன் சார் கூப்பிட்டார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"ரெண்டு வாட்டி சொன்னேன் சார். ரெண்டு வாட்டியும் நல்ல பாயிண்ட்னீங்க."

வேலையிலிருந்து நீக்கினால் ஏன் என்று எழுத வேண்டும், எழுதினால் வாய்க்கால் வெளியே வரும். அதனால் மெமோகூடக் கொடுக்கவில்லை. ஓய்வுபெறுகிற அன்று சால்வையும் போட்டோவும் சென்னையிலிருந்து டைரக்டர் வருவதும் எங்கள் கிளையில் வழக்கம். எனக்கு யாரும் வரவில்லை. பயணக் குறைப்பு என்றார்கள்.

தை பிறந்ததும் அறிக்கைப் புத்தகம் தபாலில் வந்தது. காகிதச் சேமிப்பைப் பற்றி வழவழப்பான கெட்டித் தாளில் அறுபது பக்கம். நடுப்பக்கம் முழுக்கத் தனபாக்கியத்தின் படம். பச்சைப் பொட்டை ஒட்டிக்கொண்டு சிரிக்கிறாள். 'சமுதாயத்தின் குரல்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அப்போதுதான் சித்தேரிப்பட்டு போனேன். இந்தமுறை பஸ்ஸில்.

களத்தில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினாள். படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் கீறேன்" என்றாள். பிறகு பக்கத்தைத் திருப்பினாள், முன்னும் பின்னும். "சாரு, அன்னிக்கு மரத்தடியில ஒண்ணு சொன்னேன் இல்ல? நீங்க தப்பா எழுதினத நீங்களே திருத்துங்கன்னு. அது இதுல எங்க போட்டுக்குது?"

"அது இல்லம்மா."

"எங்கியும் இல்லியா?"

"எங்கியும் இல்ல."

"அப்ப மூஞ்சிய மட்டும் எதுக்குப் போட்டாங்கோ?"

போன் செய்த அம்மா, இதற்குப் பதில் எனக்குத் தெரியவில்லை. உங்கள் புதுப் பட்டியலில் இப்போது எத்தனை தலைப்பு என்றும் தெரியாது. சித்தேரிப்பட்டுக்கு ஃபார்மோடு ஆள் அனுப்புவதாக இருந்தால் ஐப்பசியில் அனுப்புங்கள். அந்தக் கேள்வியை அவள் இன்னும் வைத்திருக்கிறாள்.